பச்சைத் தண்ணீரில் காபியா?

வட சென்னை டீ ஊர். இதை மறுத்துப் பேச ராயபுரத்திலும் ஆள் கிடைக்காது, எண்ணூரிலும் கிடைக்காது. கல்மண்டபத்தில் ஆரம்பித்து திருவொற்றியூர் ஹை ரோடு பிடித்து வடக்கே போனால் நூறடிக்கு ஒரு டீக்கடை. அதில் போய் "மாஸ்டர், ஒரு காபி" என்றால், அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு சின்ன பாக்கெட்டைக் கிழித்து டம்ளரில் கொட்டி, மேலே பாலை ஆற்றிக் கொடுப்பார். டிகாக்‌ஷன் காபியெல்லாம் மயிலாப்பூர், மாம்பலம் சமாச்சாரம் என்று இந்தப் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புக்கு வரலாறும் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்குத் தெரியும்: காபி எப்படி நடுத்தர வர்க்கத்தின் அடையாளம் ஆனது, டீ எப்படி உழைக்கிறவர்களின் பானம் ஆனது என்பது தமிழ்நாட்டில் ஒரு பெரிய கதை.

காபிக்கே இந்தக் கதி என்றால் 'கோல்ட் ப்ரூ' பற்றிச் சொல்லவே வேண்டாம். பெயரைக் கேட்டாலே ஏ.சி. போட்ட கஃபே, நீளமான கண்ணாடி கிளாஸ், இருநூறைத் தாண்டும் பில், எல்லாம் கண்முன்னே வந்துவிடும். திருவொற்றியூர் தேரடியில் போய் கோல்ட் ப்ரூ என்றால் புதுசா வந்த சோப்பா என்று கேட்பார்கள் :-)

ஆனால் கொஞ்சம் யோசித்தால், இந்தப் பானம் நுங்கம்பாக்கத்தைவிட எண்ணூருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. ராத்திரி ஊறப் போட்டால் காலையில் ரெடி. விடிகாலையில் அடுப்பு பற்றவைக்க வேண்டாம். பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு போகலாம். மே மாசத்து வெயிலில் வார்ப்புப் பட்டறையிலும் கன்டெய்னர் யார்டிலும் நிற்கிறவருக்குச் சூடான டீயைவிட இது இறங்கும். ஷிஃப்ட் வேலைக்காரனுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. இடையில் ஒரே ஒரு சிக்கல்தான். அதைச் சொல்லாமல் ரெசிபி மட்டும் கொடுப்பது பாவம். அதற்குப் பிறகு வரலாம்.

முதலில் இது என்ன என்று தெளிவாகிவிடட்டும். கோல்ட் காபி வேறு, கோல்ட் ப்ரூ வேறு. சூடாகப் போட்ட காபியை ஆறவைத்து ஐஸ் போட்டால் அது கோல்ட் காபி (ஐஸ்கிரீம் மிதந்தால் அது கல்யாண ரிசப்ஷன்). கோல்ட் ப்ரூவில் காபித்தூள் சுடுதண்ணீரைப் பார்க்கவே பார்க்காது. குளிர்ந்த தண்ணீரிலோ சாதாரணத் தண்ணீரிலோ மணிக்கணக்கில் ஊறும். அவ்வளவுதான். சூடு பத்து நிமிஷத்தில் செய்கிற வேலையை நேரம் பத்து மணியில் செய்கிறது.

இதில் புதுசும் ஒன்றும் இல்லை. ஜப்பானில் 'டச்சு காபி' என்ற பெயரில் சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த நீரில் இறக்குகிற பழக்கம் ரொம்ப காலமாக இருக்கிறது. அமெரிக்காவில் டாட் சிம்ப்ஸன் என்ற கெமிக்கல் இன்ஜினியர் 1964-ல் வீட்டில் கோல்ட் ப்ரூ போட ஒரு சாதனம் கண்டுபிடித்தார். அதற்குத் தன் பெயரைச் சேர்த்து 'டாடி' என்று வைத்தார். இங்கிலீஷில் அதே எழுத்துக் கூட்டினால் நம் ஊர்க் கள்! அந்தப் பெட்டியை இங்கே கொண்டுவந்து விற்றால் மதுவிலக்குப் போலீஸ்தான் முதலில் வரும். ஸ்டார்பக்ஸ் தன் அமெரிக்கக் கடைகளில் கோல்ட் ப்ரூவைப் பரவலாகக் கொண்டுவந்தது 2015-ல். அதற்குப் பிறகுதான் உலகமெல்லாம் இந்த ஃபேஷன். 2024-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள் ஒலி அலையை வைத்து மூணே நிமிஷத்துக்குள் கோல்ட் ப்ரூ இறக்கிக் காட்டினார்கள். அவ்வளவு அவசரமென்றால் அடுப்பையே பற்றவைத்துவிடலாமே என்று கேட்கக் கூடாது.

ருசியில் என்ன வித்தியாசம்? கசப்பும் புளிப்பும் அடங்கி, சாக்லெட் மாதிரி ஒரு மழமழப்பு வரும். சர்க்கரை குறைவாகவே போதும். "கோல்ட் ப்ரூவில் ஆசிடே இல்லை, அல்சருக்கு நல்லது" என்று பரப்புகிறார்களே, அதை மட்டும் நம்ப வேண்டாம். பிலடெல்பியாவில் நினி ராவ், மேகன் ஃபுல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் அளந்து பார்த்தார்கள். சூடாகப் போட்டதற்கும் குளிராகப் போட்டதற்கும் பி.எச். அளவு ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுமே 5-ஐ ஒட்டி. மொத்த அமிலங்களின் அளவு மட்டும் சூட்டில் கூடுதலாக இறங்குகிறது. நாக்குக்கு அது மென்மையாகத் தெரியலாம். வயிற்றுக்கு அது மருந்து இல்லை. இதே இருவர் 2017-ல் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: அறை வெப்பத்தில் ஊறும்போது சுமார் 400 நிமிஷத்தில் கஃபீன் இறங்குவது ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதாவது ஆறே முக்கால் மணி நேரம். 24 மணி நேரம் ஊறவைத்தால் இன்னும் 'ஸ்ட்ராங்' ஆகும் என்பது கதை.

இப்போது அக்கவுண்டன்சி புத்தகத்தில் வருமே, 'ஒரு வியாபாரி 1-ந் தேதி தொழில் தொடங்கினார்' என்று, அந்த மாதிரி ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். காலடிப்பேட்டைப் பக்கம். அப்பாவுக்கு எண்ணூரில் ஃபேக்டரி வேலை. ஒரு வாரம் காலை 6 மணி ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம் 2 மணி, ஒரு வாரம் ராத்திரி 10 மணி. காலை ஷிஃப்ட் வாரத்தில் அவர் 5 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்படியென்றால் அம்மா 4 மணிக்கு எழ வேண்டும். ஃபில்டரில் பொடி போட்டு, தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றி, இறங்கக் காத்திருந்து, பால் காய்ச்சி... அப்பா குடித்துவிட்டுப் போன பிறகு பிள்ளைகளுக்கு. அதற்குப் பிறகு அதே பொடியில் இரண்டாவது தண்ணீர் ஊற்றி இரண்டாம் டிகாக்‌ஷன். அந்த இரண்டாம் டிகாக்‌ஷன் எந்த வீட்டிலும் யார் டம்ளருக்குப் போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோல்ட் ப்ரூவில் இரண்டாம் டிகாக்‌ஷன் கிடையாது. ஒருமுறை ஊறிய பொடி முடிந்தது, செடிக்குத்தான் போகும். ஒரு பாட்டில், எல்லாருக்கும் ஒரே திக்கு. வேலையும் காலை 4 மணியிலிருந்து முந்தின நாள் சாயங்காலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. சாயங்காலம் என்றால் வீட்டில் மற்றவர்களும் முழித்துக்கொண்டுதான் இருப்பார்கள். காலேஜ் போகிற பையனோ பெண்ணோ செய்யலாம். "அம்மா, ஊறப் போட்டியா?" என்று அந்த வேலையும் அம்மா தலையிலேயே விழுந்தால், இதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஃபில்டர் காபியே இருந்துவிட்டுப் போகட்டும்.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது, பச்சத் தண்ணில காபிய ஊறப் போட்டு வெச்சிக்கிற? வவுறு இன்னாத்துக்கு ஆவும்?" என்று கேட்பார். சிரிக்க வேண்டாம். இந்தப் பதிவிலேயே அறிவுள்ள கேள்வி அதுதான். மேலே சொன்ன ஒரே சிக்கலும் அதுதான்.

ஃபில்டர் காபியில் சூடு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பொடியிலிருந்து சாரத்தை இறக்குவது. இன்னொன்று, யாரும் கவனிக்காமலே, தண்ணீரில் இருக்கிற கிருமியைக் கொல்வது. டீயும் அப்படியே. நூறு வருஷமாகச் சந்தேகத் தண்ணீரில் டீயும் காபியும் குடித்து ஊர் பிழைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோல்ட் ப்ரூவில் முதல் வேலையை நேரம் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது வேலையை நேரம் ஏற்றுக்கொள்ளாது. ஏற்றுக்கொள்ளாதது மட்டுமில்லை, பத்து மணி நேரம் 32 டிகிரி வெயிலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரை வைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். காபி கசப்பாக இருக்கிறதே, கிருமி வளராது என்று நினைப்பது தப்பு. 2017-ல் அமெரிக்காவில் ஒரு காபி கம்பெனி, டின்னில் அடைத்த தன் கோல்ட் ப்ரூவை மொத்தமாகத் திரும்பப் பெற்றது. நோய் ஏதும் வந்து அல்ல, காற்றில்லாத டின்னுக்குள் பாட்டுலிசம் கிருமி வளர வாய்ப்பு உண்டு என்ற பயத்தில்.

இந்த ரெசிபியை எழுதுகிற சியாட்டில்காரருக்கும் லண்டன்காரருக்கும் இந்தக் கவலை இல்லை. 'குளிர்ந்த நீர் ஊற்றவும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் குழாயைத் திறந்தால் குடிக்கிற தண்ணீர் வரும். இந்தப் பக்கத்தில் 'தண்ணீர்' என்றால் எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா, லாரித் தண்ணியா, கேன் தண்ணியா?

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மீஞ்சூரிலிருந்து கடலோரமாகவே நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்த கதை பல பத்தாண்டுகளாகப் பேசப்படுவது. 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில், சென்னையின் முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். நிலத்தடித் தண்ணீர் நன்றாக இருந்திருந்தால் அதற்கு அவசியம் என்ன? உப்புத் தண்ணீரில் ஊறிய காபி, காபியாகவும் இருக்காது, மோராகவும் இருக்காது. சூடான காபியில் பாலும் சர்க்கரையும் உப்பை மூடிவிடும். குளிர்ந்த கறுப்புக் காபியில் தண்ணீரின் ருசி அப்படியே மேலே நிற்கும்.

மெட்ரோ தண்ணீர் ருசிக்குப் பரவாயில்லை, சில நாள் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும். கேன் தண்ணீர் சுலபம். ஆனால் சீல் போட்ட கேன் எல்லாம் சுத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பாக்கெட், பாட்டில் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, கட்டாயச் சோதனை என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024-ல் அறிவித்தது. ஆகவே எந்தத் தண்ணீரானாலும் விதி ஒன்றுதான்: கொதிக்கவைத்து, தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்த பிறகு இறக்கி, மூடி ஆறவைத்து, அதைத்தான் ஊற்ற வேண்டும். குளோரின் வாடையும் அதில் போய்விடும். "அப்புறம் எதுக்குங்க கோல்ட் ப்ரூ, அதே சுடுதண்ணியில காபி போட்டுடலாமே?" என்றால், நியாயம்தான். வித்தியாசம் அடுப்பு எரிகிற நேரத்தில். சாயங்காலம் சமையல் நடக்கும்போதே பக்கத்து பர்னரில் ஒரு லிட்டர் கொதித்துவிடும். 4 மணிக்கு யாரும் எழ வேண்டியதில்லை. ஆக, பச்சைத் தண்ணீரில் காபி என்பதே தப்பு. ஆறின தண்ணீரில் காபி.

ஐஸுக்கும் இதே விதி. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஐஸுக்குப் பஞ்சமில்லை. கடலுக்குப் போகிற போட்டுகளுக்கு ஐஸ் பாளம் பாளமாக உடைத்து ஏற்றுவதைத் தினமும் பார்க்கலாம். அது மீனுக்கு. குடிக்கிறதுக்கு இல்லை. ரோட்டோர ஜூஸில் அந்த மாதிரி ஐஸ் எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. மகாராஷ்டிராவில் 2018-ல், தின்ன உதவாத ஐஸுக்கு நீலச் சாயம் போட்டே விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நல்ல யோசனை, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஐஸ் என்றவுடன் ஒரு சின்னக் கிளைக்கதை. மெட்ராஸுக்கு முதலில் ஐஸ் வந்ததே கப்பலில்தான். பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் உறைந்ததை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் அதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிற ஐஸ் ஹவுஸ். அப்போது துறைமுகம்கூடக் கிடையாது. நடுக்கடலில் நிற்கிற கப்பலிலிருந்து மசூலா படகில் அலை தாண்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். வழியில் உருகினது நஷ்டக் கணக்கு. நாலு மாசம் கடல் தாண்டி வந்தும் மிச்சமிருந்த ஐஸை விற்று லாபம் பார்த்த மனுஷன், காமர்ஸ் பாடப் புத்தகத்தில் வர வேண்டியவர்.

சரி, பொடிக்கு வருவோம். இங்கேதான் பலர் சறுக்குவது. வீட்டில் இருக்கிற ஃபில்டர் காபிப் பொடியையே ஊறப் போட்டுவிட்டு, சேறு மாதிரி வந்தது என்று கோல்ட் ப்ரூவைத் திட்டுவார்கள். ஃபில்டர் பொடி மாவு மாதிரி நைஸாக இருக்கும். மணிக்கணக்கில் ஊறினால் கசடு இறங்கும், துணியை அடைத்துக்கொள்ளும். கடையில், "ரவை மாதிரி கொரகொரன்னு அரைச்சுக் குடுங்க" என்று கேட்க வேண்டும். உப்புமா ரவை கணக்கு. கடைக்காரர் மெஷினை மாற்ற மாட்டேன் என்றால் (பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்), வறுத்த கொட்டையாக வாங்கி வீட்டு மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து தடவை ஓட்டினால் போதும். ஒரேயடியாக ஓட்டினால் மாவாகிவிடும். மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழுகிற நைஸைத் தனியாக எடுத்து மறுநாள் ஃபில்டரில் போட்டுக்கொள்ளலாம். வேஸ்ட் கிடையாது.

கொட்டையில் 'பிளாண்டேஷன் ஏ' என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகா. 'செர்ரி' என்று பெயர் வந்தால் பழத்தோடு காயவைத்தது. ரொபஸ்டாவில் கஃபீன் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, விலையும் குறைவு. பால் விட்டுக் குடிக்கிற வீட்டில் முக்கால் பங்கு அராபிகா, கால் பங்கு ரொபஸ்டா நன்றாகவே இருக்கும். கறுப்பாகக் குடிப்பதென்றால் அராபிகா மட்டும்.

சிக்கரி? இதற்கு ஒரு தனிப் பஞ்சாயத்து உண்டு. இந்தியாவில் காபி-சிக்கரி கலவை என்று விற்றால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பாக்கெட்டிலேயே விகிதம் போட வேண்டும். திருப்பிப் பார்த்தால் தெரியும். சிலதில் சரியாக எல்லையில் நிற்கும். 49 சதவீதம் சிக்கரிக்குக் காபி விலை கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. சிக்கரி குளிர்ந்த தண்ணீரிலும் சீக்கிரம் கரையும். இரண்டு மணி நேரத்தில் பாட்டில் கன்னங்கரேல் என்று ஆகிவிடும்; 'ஆஹா, இறங்கிடுச்சு' என்று வடிகட்டினால் அதில் காபியே இருக்காது. நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதற்காகச் சிக்கரியே தீண்டத்தகாதது என்றும் இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சிக்கரி சேர்த்துக் குளிராக ஊறவைத்து, பால் விட்டுக் குடிப்பதுதான் அந்த ஊரின் பெருமை. அதுவும் ஒரு துறைமுக ஊர். 1861-65 உள்நாட்டுப் போரில் வடக்குக் கப்பல்கள் துறைமுகங்களை அடைத்துவிட, காபி வரத்து நின்றுபோய், இருக்கிற காபியில் சிக்கரியைக் கலந்து சமாளித்தார்கள். போர் முடிந்தும் நாக்கு பழகிவிட்டது. ஆகவே முதலில் சிக்கரி இல்லாமல் போட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ குறைகிறது என்று பட்டால் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, கடல் காற்றில் சிக்கரி ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

செய்முறை இப்போது ரொம்பச் சின்னது. கொரகொரப்பான பொடி 100 கிராம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 800 மில்லி. எவர்சில்வர் தூக்கு அல்லது வாயகன்ற கண்ணாடி பாட்டில் (ஊறுகாய் இருந்த பாட்டில் என்றால் எத்தனை கழுவினாலும் காபியில் பூண்டு வரும், ஜாக்கிரதை). பாத்திரத்தையும் வெந்நீரில் கழுவிவிட வேண்டும். முதலில் பொடி நனைகிற அளவு தண்ணீர் விட்டுக் கிளறி, ஐந்து நிமிஷம் கழித்து மீதியை ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜுக்குள். வெளியே வைத்தால் ஏழெட்டு மணி நேரத்தில் ஊறிவிடும்தான், ஆனால் மேலே சொன்ன காரணத்தால் இந்த ஊர் வெயிலுக்கு அது வேண்டாம். ஃப்ரிட்ஜில் கொஞ்சம் மெதுவாக இறங்கும். 12-லிருந்து 14 மணி நேரம் கணக்கு. சாயங்காலம் 4 மணிக்குப் போட்டால் விடிகாலை 4-க்குத் தயார்.

வடிகட்ட, பழைய வேட்டித் துணியைவிட நல்ல சாதனம் உலகத்தில் இல்லை. சோப்பு வாடை இல்லாமல் வெந்நீரில் அலசிப் பிழிந்து, இரண்டாக மடித்து வடிகட்டியின்மேல் போட்டு ஊற்ற வேண்டும். தானாகச் சொட்டட்டும். கடைசி அவுன்ஸுக்கு ஆசைப்பட்டுத் துணியை முறுக்கிப் பிழிந்தால் கசடெல்லாம் இறங்கிக் கசந்துவிடும். பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் 800 ஊற்றினால் 600 மில்லி கிடைக்கும். இது சாரம். அப்படியே குடிக்கக் கூடாது. பாதிக்குப் பாதி பாலோ தண்ணீரோ கலந்தால் 150 மில்லி டம்ளரில் எட்டு டம்ளர். பால் கலக்காத சாரம் ஃப்ரிட்ஜில் மூணு நாலு நாள் தாங்கும். பால் கலந்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போய் அரை நாள் ஃப்ரிட்ஜ் நின்றிருந்தால் கொட்டிவிடுவது உத்தமம். புயல் சமயத்தில் ஊறப் போடுவதே வேண்டாம். ஐஸ் கட்டியாகத் தண்ணீரை உறைய வைப்பதற்குப் பதில், சாரத்தில் கொஞ்சத்தை ட்ரேயில் ஊற்றி உறைய வைத்தால், உருக உருக நீர்த்துப்போகாது.

இப்போது காஸ்ட் ஷீட். பொடி கிலோ 1000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 கிராமுக்கு 100 ரூபாய், டம்ளருக்கு 12.50. பால் 75 மில்லி, லிட்டர் 50 ரூபாய்க் கணக்கில் 3.75. சர்க்கரை, தண்ணீர், கேஸ் எல்லாம் சேர்த்து முக்கால் ரூபாய். மொத்தம் 17 ரூபாய். 'கஃபேயில் 200, வீட்டில் 17, பாருங்க மக்களே லாபத்தை!' என்று எழுதினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அந்த ஒப்பீடு மோசடி. மேலே சொன்ன வீட்டில் யாரும் எந்த நாளும் 200 ரூபாய்க் காபி வாங்கப் போவதில்லை. அவர்கள் விடப்போவது கேட்டுக்கு வெளியே இருக்கிற கடையின் டீ. அது 12, 15 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் கோல்ட் ப்ரூ இரண்டிலிருந்து ஐந்து ரூபாய் வரை நஷ்டம். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா விலை அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது, அந்தச் சூடு இங்கே பொடிக் கடை வரைக்கும் வந்தது. ரொபஸ்டா கால் பங்கு சேர்த்தால் நஷ்டம் கொஞ்சம் குறையும். அந்த ஷீட்டில் ஏறாத ஒரு ஐட்டம், காலை 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் ஒருத்தருடைய தூக்கம். அதற்கு விலை போட எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. இம்ப்யூட்டட் காஸ்ட் என்று ஒரு பெயர் மட்டும் இருக்கிறது.

தூக்கம் என்றவுடன் இன்னொன்று. மென்மையாக இருக்கிறதே என்று கோல்ட் ப்ரூவைத் தண்ணீர் மாதிரி குடிப்பது ஆபத்து. ஒரு டம்ளரில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், ரொபஸ்டா சேர்த்தால் கூடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400-க்குள் இருக்கட்டும் என்பது பொதுவான கணக்கு. கர்ப்பிணிகளுக்கு அதில் பாதி. உடம்பிலிருந்து பாதி கஃபீன் வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி ஷிஃப்ட்டில் விடிகாலை 4 மணிக்கு ஒரு டம்ளர் அடித்துவிட்டு, 8 மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. வருகிற தூக்கமும் அரைத் தூக்கம்தான். ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் பாட்டிலை 12 மணிக்குள் காலி செய்துவிடுவது நல்லது. அதற்கு மேல் கண் சொக்கினால் முகம் கழுவலாம், நாலு வார்த்தை பேசலாம். மெஷின்முன் நிற்கிறவருக்குப் பகல் தூக்கம் கெடுவது விரலுக்கு ஆபத்து, இது விளையாட்டு இல்லை.

பி.கு.: ஐப்பசி, கார்த்திகை மழையில் யார் குளிர்ந்த காபி குடிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு: அதே சாரத்தை இரண்டு மடங்கு கொதிக்கிற பாலில் ஊற்றினால் அரை நிமிஷத்தில் சூடான காபி. கோல்ட் ப்ரூ பக்தர்கள் அடிக்க வருவார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒரு டம்ளர் கேட்பார்.